ஐஸ் கம்பெனியும் என் வீட்டுக்காரர் மூக்கும்

ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன் கெட்ட மீனைக் காசு கொடுத்து வாங்கி வந்தால் அவரை என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் ஒருநாள் அப்படித்தான் ஒரு பை மடவை மீன் வாங்கிவந்தார். பையைப் பிரித்ததுமே எனக்குக் குமட்டியது. செவுள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

"யாருகிட்டயா வாங்கின? கண்ணைக் கட்டிக்கினு வாங்கினியா?" என்று கத்தினேன்.

அவர் ஒரு மீனை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானமே கீது" என்றார்.

நான் பொன்னேரி மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். என்னைக் கண்டால் ஏலக்காரர்களே பழைய மீனை அடியில் தள்ளி மறைப்பார்கள். என் வீட்டிலேயே இப்படியா என்று அன்று கோபம்தான் வந்தது. பயம் வர இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் நாள் அடுப்பில் கருவாடு தீய்ந்து புகை வந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர் அசையவில்லை. மதியம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கருவாட்டு டப்பாவைத் திறந்து நேராக மூக்குக்குக் கீழே நீட்டி, "இது இன்னா வாசனை, சொல்லு பார்க்கலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்து, "காபியா?" என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனவள் அங்கே நின்று அழுதேன்.

கொரோனா வந்தபோது போன வாசனை பிறகு திரும்பிவிட்டது என்று எங்களிடம் சொல்லியிருந்தார். திரும்பவே இல்லை. இத்தனை வருஷம் என்னிடமே மறைத்திருக்கிறார். வேறு வேலை பார்க்கிற மனுஷன் என்றால் இதை ஒரு குறையாகவே எண்ணியிருக்க மாட்டேன். ஆனால் அவர் ஐஸ் கம்பெனி ஆபரேட்டர். மூடிக் கிடந்த கம்பெனியை மறுபடி திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மூன்று ஐஸ் கம்பெனிகள் ஓடின. இறால் கம்பெனிக்காரர்கள் கொட்டகை போட்டிருந்தார்கள். லாரிகள் தெரு முனையிலிருந்து பாலம் வரை நிற்கும். எங்கள் ஊரைச் சின்ன மெட்ராஸ் என்று நாங்களே பீற்றிக்கொண்டோம். பிறகு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் அடிக்கடி மண்மூடியது, இறால் குறைந்தது, கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு ஐஸ் கம்பெனியின் தகரக் கூரையைப் பிரித்து விற்றார்கள், இன்னொன்றில் ஆடு கட்டினார்கள். பையன்கள் மீஞ்சூர்ப் பக்கம் கான்டிராக்ட் வேலைக்குப் போனார்கள். இப்போது ஐஸ் வெளியிலிருந்து வேனில் வருகிறது. வேன் தாமதமானால் பிடித்த மீனும் நண்டும் வெயிலில் கிடக்கும். ஐஸ் இல்லை என்று தெரிந்த வியாபாரி சொல்வதுதான் விலை. எனக்கு அந்தக் கம்பெனி திறக்க வேண்டும் என்ற ஆசை வேறு யாரையும்விட அதிகம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெட்ராஸிலிருந்து ஒருவர் மூன்றாவது கம்பெனியை வாங்கியிருந்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், புது மோட்டார் வந்தது. பழைய குழாய்களில் பாதியை மாற்றி, மீதியைச் சுரண்டி பெயிண்ட் பூசினார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவர் பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்து, "தொவைச்சு வை" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"உனக்குத்தான் மூக்கு இல்லியே, எப்படியா போவ?"

"மெதுவா பேசு. கந்தகக் குச்சி கீதுல்ல? கொளுத்திக் காட்டினா கேஸ் ஒழுவுற எடத்துல வெள்ளப் புகை வரும். அது போதும்."

"குச்சியை நீ காட்டுற எடத்துலதான் புகை வரும். காட்டாத எடத்துல ஒழுவினா?"

அவர் சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்த கேஸ் அமோனியா. பாளம் பாளமாக ஐஸ் உறைய வைப்பது அதுதான். குழாயில் ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு அடைத்துக்கொள்ளும். நாங்கள் கல்யாணமான புதிதில் ஒருமுறை ஒழுகியது. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவில்தான் அப்போதும் எங்கள் வீடு. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் அமுக்கிக்கொண்டு ஓடினேன். அன்று யாருக்கும் வாடை எட்டும் முன்பே முதலில் மோந்து பிடித்து, உள்ளே ஓடி வால்வை மூடியவர் என் வீட்டுக்காரர். அதிலிருந்து பின் தெருக்காரர்களுக்கு அவர் மூக்குமேல் அசையாத நம்பிக்கை. அவர் வேலைக்குப் போகிறார் என்றதும் அவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் மனசோடு மல்லுக்கட்டினேன். நான் வாய் திறந்தால் இவருக்கு வேலை போகும், தெருக்காரர்கள் கலாட்டா செய்தால் கம்பெனியே நிற்கும், ஊர் மொத்தமும் என்னைத் திட்டும். திறக்காவிட்டால், எனக்கு முதலில் தோன்றியது மூன்றாம் வீட்டில் இருக்கும் ஆஸ்துமாக்காரப் பாப்பாதான். நாலாம் நாள் காலையில் கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராக முதலாளியிடம் போனேன்.

சொல்லிமுடித்ததும் அவர் அதிர்ச்சியாவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எனக்கும் சந்தேகம் இருந்ததும்மா. பெயிண்ட் நெடியில நாங்கள்லாம் இருமறோம், அவர் மட்டும் அசையாம நிக்கிறார். கேஸ் ஒழுகினா கத்துற மிஷின் ஆர்டர் பண்ணியிருக்கேன். வர கொஞ்ச நாள் ஆகும். ஆனா சீசன் ஆரம்பிச்சாச்சே. இந்த ஐஸ் மிஷின் ஓட்டத் தெரிஞ்சவங்க வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இன்னைக்கே கூட்டிட்டு வரேன்."

யோசித்தேன். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் மீஞ்சூரில் வாட்ச்மேன், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். மூன்று கம்பெனி ஓடிய ஊரில் மூன்றாவது பெயர் ஒன்று என் வாயில் வரவில்லை. எனக்கு அங்கேயே அவமானமாக இருந்தது.

"வெளிய மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றார் முதலாளி.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. இருவர் மறைத்ததை மூன்றாவது ஆளாக நானும் மறைக்க வேண்டுமாம். வெளியே வந்து, பின் தெருவில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஏறி இறங்கிச் சொன்னேன். "எங்க வூட்டுக்காரருக்கு வாசனை தெரியாது. கம்பெனி ஓடும்போது மூக்கு எரிஞ்சா கத்துங்க. வாசல்ல ஒரு வாளி தண்ணியும் துணியும் வச்சுக்கங்க."

"அப்ப கம்பெனியே வோணாம், மூடச் சொல்லு!" என்று ஒருத்தி எகிறினாள்.

"வோணாம்னு சொல்லிட்டா ஆச்சா? எம் புள்ள விடிகாலைல மீஞ்சூருக்கு ஓடுறான், கூலி வருமா வராதான்னு தெரியாம" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சண்டை வலுத்தது. யாரும் வென்றதாகத் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தபோது எல்லா வாசலிலும் வாளி இருந்தது. ஆஸ்துமாப் பாப்பாவைத் தோணிரேவு கிராமத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அன்று வாசலிலேயே நின்றார். "ஊர் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட" என்றார். அதற்குப்பின் பேச்சே இல்லை. நான் வைத்ததைச் சாப்பிட்டார், காக்கிச் சட்டையைத் தானே துவைத்தார். இந்த மனுஷனோடு இனி எப்படி வாழப்போகிறேன் என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.

ஓட்டிப் பார்க்கிற காலையில் கொண்டல்காற்று, கடலிலிருந்து நேராகப் பின் தெருவை நோக்கி வீசியது. கேட் முன்னால் ஊரே கூடியிருந்தது. படகுக்காரர்கள், நண்டு ஏஜெண்டுகள், இஸ்திரி போட்ட சட்டையில் முதலாளி. பின் தெருப் பெண்கள் ஒரு ஓரமாக ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அவர்களோடு நானும் நின்றேன்.

உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு நின்று எத்தனை வருஷம்! ஆண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கரித்தது. அது அழுகையா, கேஸா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள் துணியை மூக்கில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். கையில் எரிந்து முடிந்த கந்தகக் குச்சி. முதலாளி சிரித்துக்கொண்டே கைகொடுக்க வந்தார். அவரைத் தாண்டி, ஏஜெண்டுகளைத் தாண்டி, நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்.

"குச்சில ஒண்ணும் காட்டல. ஆனா எம் மூக்கு செத்துப்போச்சு, எனக்குத் தெரியாது. நீ சொல்லுமே. வருதா?"

கைதட்டல் நின்றது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மூச்சை இழுத்தேன். டீசல், புதுப் பெயிண்ட், ஏரிச் சேறு. வேறு எதுவும் இல்லை. ஒரு மூச்சை நம்பி இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்.