ஏலத்துக்கு வந்த அண்ணியின் மௌனம்

நகரப் பேருந்தில் அவள் கண்டக்டர். பெயர் எதற்கு, ஊரே மிளகாய் என்றுதான் சொல்லும். அவள் விசில் ஊதினால் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸும் நின்றுவிடும். ஒருமுறை அவள் போட்ட அதட்டலில் மூடியிருந்த குடைகளெல்லாம் தாமாக விரிந்துகொண்டன. நம்பாவிட்டால் போங்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயடைத்துப் போனாள், கணவன் செத்த மாதம். சமையலறைச் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். அவள் போட்ட சோற்றில் வளர்ந்த கொழுந்தன் அப்போது பின்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அண்ணியை உற்றுப் பார்த்துவிட்டுப் போவான்.

வருஷங்கள் ஓடின. அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு கறுப்புக் கீறல். தலைப்பு ‘அண்ணியின் மௌனம்’. மறுநாள் ஏலம்.

மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் புருஷன் செத்து நான் பேச்சு மூச்சில்லாம கெடந்தத எவனோ சோபாவுக்கு மேல மாட்டப் போறானா?”

அவளுக்குக் காலையில் டியூட்டி. தன் கூடப்பிறந்த தம்பியை முன்னால் அனுப்பினாள். “யாருகிட்டயும் வாயக் குடுக்காத. அந்தப் படத்த எடுத்துடு, அவ்வளவுதான்.”

தம்பி துணிக்கடையில் விற்பனையாளன். “என்ன எடுக்கறீங்க, சட்டையா, போர்வையா?” என்று கேட்டே நாக்கு தேய்ந்தவன். அவன் அகராதியில் எடுப்பது என்றால் வாங்குவது. ஏலக்கூடத்து வாசலில், “படம் எடுக்க வந்தீங்களா?” என்றார்கள். ஆமாம் என்றான். கையில் எண் அட்டையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டட முதலாளி விலையை ஏற்ற ஏற்ற, இவனும் அட்டையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் சுத்தியல் இவன் பேருக்கு விழுந்தது.

காக்கிச் சீருடையும் டிக்கெட் பையுமாக மிளகாய் உள்ளே நுழைந்தாள்.

“எடுத்துட்டேன்க்கா! ஆனா நம்ம வீட்ட வித்தாலும் பத்தாதாம்.”

“அட மண்டு! ஏலத்துலேர்ந்து எடுக்கச் சொன்னா, ஏலத்துலயே எடுத்துட்டு நிக்கிறியே!”

அவனை விட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “ஏண்டா, உங்கண்ணன் போனப்ப ஒரு வார்த்த ஆறுதலா சொன்னியா? ஒளிஞ்சு நின்னு அளவெடுத்தியா? இன்னும் என்னென்ன விக்கலாம்னு பாத்து வச்சிருக்க?”

மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. ஏலக்காரர் பதறி, “இவரால முடியலன்னா படம் உங்களுக்குத்தான் சார்,” என்று கட்டட முதலாளியிடம் குழைந்தார்.

அவர் காதைப் பொத்திக்கொண்டே எழுந்தார். “மௌனம்னு சொல்லித்தானேய்யா விக்கறீங்க? இனிமே இதப் பாத்தா இந்தம்மா குரல்தான் கேக்கும். எனக்கு வேணாம்.”

கூடம் சிரித்தது. வேறு யாரும் அட்டையைத் தூக்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள்.

அப்போதுதான் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்தாள். அந்த மாதம் அவள் பார்த்துக்கொண்டே இருந்த சுவர். ஒரு பொட்டுக்கூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

“அண்ணி, பேர வேணா மாத்திடட்டுமா?”

“பேரு சரியாத்தான்டா இருக்கு. அதுக்கு வெல வைக்க நீ யாரு?”

மன்னித்தாளா என்று கேட்பீர்கள். அவள் பஸ்ஸில்கூட அவனை இன்னும் ஏற்றுவதில்லை.