லூர்து டீச்சரின் தகரக் காம்பிரா

பொங்கலுக்கு மறுநாள் பூண்டுலோயாவில் என் தங்கை வீட்டில் இருந்தபோது சவரிமுத்து அண்ணன் போன் எடுத்தார். அவர் எனக்கு நேரே போன் எடுக்கிற வழக்கம் இல்லை. அவருடைய மனைவி லூர்து டீச்சர்தான் பேசுவார்; அண்ணன் பின்னால் நின்று, "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பது மட்டும் காதில் விழும். அன்று அவரே பேசினார்.

"கமலா டீச்சர், லூர்து போயிட்டா. ஆஸ்பத்திரியில வச்சு," என்றார். நான் எதுவும் கேட்காமலே, "நேத்து நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா" என்றும் சொன்னார்.

நெஞ்சில் சளி கட்டி, நுரையீரலில் கிருமி பரவி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் கந்தப்பளையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். செபம் முடிந்து தேநீர் கொடுக்கும்போதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. "அந்தத் தகரக் காம்பிராதான் ஆளக் கொன்னுருச்சு. ஒரு சீலிங் அடிச்சுக் குடுக்க புருசனுக்கு மனசு வரல." சொன்னவர் மெதுவாகச் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்றிருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சரை அறிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். டீச்சர் படுத்துறங்கிய அந்தக் காம்பிராவின் கதை அப்படி இல்லை.

நானும் அவரும் ஒரே தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் படிப்பித்தோம். எனக்குத் தமிழ், அவருக்குக் கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வரும்: "தப்பா போட்டாலும் போடு. வெறுந் தாள என்னால திருத்த முடியாது." பிள்ளைகள் அவரிடம் அடிவாங்கியதில்லை. ஆனால் வெறுந் தாளைக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். விசயம் தெரிந்ததும் டீச்சர் அந்தப் பிள்ளையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறக்கவில்லை. டீச்சர் கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், "ளமயா நெதுவ மம யன்னே நே" என்றாராம். பிள்ளை இல்லாமல் போகமாட்டேன் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தார் கூடிய பிறகு பிள்ளையை வெளியே விட்டார்கள். அவள் இன்று ஹட்டன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். மரண வீட்டில் பெட்டியின் காலடியை விட்டு அவள் நகரவே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு விசயத்தில் நெஞ்சு உதறும். அது வீடு.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா செத்துப்போனார். வீட்டில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர் வேறு யாரும் இல்லை. தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பிராவை, வரிசை வீட்டில் இருந்த அந்த ஒற்றை அறையை, காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையை வாசலில் வைத்துவிட்டு, மாமா வீட்டில் இடம் கேட்டு அம்மா போய்வரும்வரை, மழையில் காவல் இருந்தது லூர்துதான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அந்த வீட்டில் தோட்டத்து ஆள் என்று யாரும் இல்லை; அவர்களையும் எந்நேரமும் காலி பண்ணச் சொல்லலாம். மகள் கல்யாணமாகி, மருமகனும் வீட்டோடு வந்தபோது, இருந்த ஒரு காம்பிராவை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சமைக்கிற குசினிக்குப் பின்னால் தாங்கள் படுக்க ஒரு காம்பிரா இறக்கிக்கொண்டார்கள். இடுப்பளவு கல், அதற்கு மேலே சுற்றிலும் தகரம், கூரையும் தகரம். தற்காலிகமாக இருந்தால் சரி என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லியிருந்தார்.

கந்தப்பளைக் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தக் காம்பிராவைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. மூச்சு தகரத்தில் பட்டு நீராகி, விடியும்போது கம்பளி மேல் சொட்டும். "எங்க வீட்டுக்குள்ள தனியா ஒரு மழை பெய்யுது" என்று டீச்சர் பாடசாலையில் சொல்லிச் சிரிப்பார். மார்கழியில் தொடங்கிய இருமல் போன மாசி வரைக்கும் விடவில்லை. பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்த மாசியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வாசலில் வெள்ளை நுரைத் தகடுகளும் மெல்லிய பலகைகளும் சாத்திவைத்திருந்தன. தகரத்துக்கு உள்பக்கம் நுரைத் தகட்டை வைத்து, அதற்கு மேல் பலகை அடித்துவிட்டால் குளிர் இறங்காது என்று அண்ணன் யாரிடமோ கேட்டுவந்திருக்கிறார். டீச்சர் அவற்றைக் காம்பிராவுக்குள் கொண்டுபோக விடவில்லை.

"வீடில்லாத ஆளுங்களுக்குப் புது வீடு குடுக்கப் போறாங்கன்னு சங்கத்துத் தலைவர் சொல்றாரு. பாக்க வருவாங்க," என்றார் என்னிடம். "உள்ள பலகையும் சீலிங்கும் பளபளன்னு இருந்தா என்ன நெனப்பாங்க? இவங்களுக்கு நல்ல வீடு இருக்குன்னு பேர வெட்டிருவாங்க. பாக்க வர்றவங்க தகரத்தப் பாக்கணும் கமலா."

"பாக்க வர்றப்ப நீ இருக்கணும்ல?" என்றார் அண்ணன்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருமினா செத்துருவாங்களா? இந்தக் குளிரு எனக்குப் புதுசா? மகளுக்கு ஒரு சொந்த வாசல் வேணாமா? நாளைக்கு வெளிய போன்னா, இந்தப் பலகையத் தலையில வச்சுக்கிட்டா போறது?"

"திருகாணி போட்டு அடிக்கிறேன். போறப்ப கழட்டிக்கிட்டே போவோம்."

"வேணாங்க. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

என்னிடம் கேட்டார்கள். நான் அண்ணன் பக்கம் பேசினேன். "ஒங்களுக்கென்ன, ரோட்டோரமா சொந்தக் காணி இருக்கு" என்றார் டீச்சர். அது உண்மை. அண்ணன் பலகைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு மேல் அடுக்கி, படங்கு போட்டு மூடினார்.

பார்க்க வருகிறவர்கள் சித்திரையில் வரவில்லை. ஆனி மழையில் வந்தார்கள். ஒருவர் குடையை மடிக்காமலே எட்டிப் பார்த்து, "இங்க யாரு படுக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். "நாங்கதான் சேர்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். போய்விட்டார்கள். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

அவர்கள் போன மறுநாளே டீச்சர் அண்ணனிடம், "இனி அடிங்க" என்றிருக்கிறார். அண்ணன் ஆள் வைக்கவில்லை. தானே ஏணி போட்டு, முதலில் கூரையும் பிறகு சுவருமாக, சொன்னபடியே திருகாணி போட்டு முடித்தார். ஆக, டீச்சர் இந்த மார்கழியைத் தகரத்துக்குக் கீழே கழிக்கவில்லை. சீலிங் இருந்தது. காம்பிரா சூடாக இருந்தது. என்றாலும் மறுபடி இருமல் வந்தது. இந்தமுறை அது போகவில்லை. நெஞ்சு முன்னமே பழுதாகியிருக்கிறது, எப்போது தொடங்கியது என்று சொல்லமுடியாது என்றாராம் டாக்டர். போன வருசக் குளிரா, அதற்கு முந்தியதா, மழையில் சட்டி பானைக்குக் காவலிருந்த அந்த நாளிலிருந்தேவா? எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, அவங்க அப்பிடிப் பேசுறப்ப நீங்க ஒன்னும் சொல்லாம நின்னீங்களே? உள்ள வந்து பாருங்கன்னு கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புட்டா என்னா கேப்பாங்க டீச்சர்? இத மொதல்லயே ஏன் அடிக்கலன்னு கேப்பாங்க. அவதான் வேணாம்னான்னு நான் சொல்லணும். செத்தவ மேல போட்டுட்டு நான் நல்லவனாகணுமா? என்னையே சொல்லட்டும்."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். மகள் கொண்டுவந்து கொடுத்த தேநீர் ஆறிப்போனது. பிறகு, "எழுதுங்க," என்றார். "ஆனா பயந்துபோய் வேணாம்னான்னு எழுதாதீங்க. காத்துக்கிட்டு இருந்தான்னு எழுதுங்க."

அண்ணே, என்னை மன்னிக்கவேண்டும். இரண்டையும் எழுதிவிட்டேன். டீச்சர் பயந்தார், காத்துக்கொண்டும் இருந்தார். இந்த மலையில் அந்த இரண்டையும் பிரித்து வாழ நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

அண்ணன் இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறார். பின் காம்பிரா பூட்டிக் கிடக்கிறது.

அந்தக் காம்பிராவில் கடைசிப் பலகை அடித்த வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். வெளியே நல்ல மூடுபனி. உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். சுவெட்டரைக் கழற்றினார், காதை மூடிய கம்பளித் தொப்பியைக் கழற்றினார், காலுறைகளையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலைச் சிமெந்துத் தரையில் நீட்டி உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் தலைமுடியை நான் பார்த்தது அன்றுதான். பாதி நரைத்திருந்தது.

"பாருங்க கமலா, மனுசி மாதிரி இருக்கேன்ல?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் என்னோடு வைத்திருக்கிறேன். அன்று நான் சிரித்ததோடு சரி.