பழைய டிரைவர்களை என்ன செய்வது

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் பதினொன்று என்னுடையவை. மூன்று மாடி வாடகைக் கட்டிடமும் உண்டு. அதன் மேல்மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் குடியிருந்தார். நாற்பது வயது. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. தன் ஊரில் குடிநீர் இன்ஜினீயர். தமிழை என்னிடம்தான் கற்றார்.

அவர் நாட்டில் அந்நியப் படை இறங்கி, ஆட்சியில் இருந்தவனைத் துரத்திவிட்டது. புதிய அரசாங்கத்துக்கு ஆள் தேடியவர்கள் இவரையும் கூப்பிட்டார்கள். வந்து தண்ணீர்த் துறையை ஏற்க வேண்டும். பழைய ஆட்சியின் ஆட்களை முதல் நாளே வெளியேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

மனிதர் மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தார். உட்கார முடியாமல் நானும் கூடவே நடந்தேன்.

"இன்னா சார் யோசன? கூப்ட்டா போய் குந்த வேண்டியதுதான? நான் குந்தலயா?"

ஒரு கம்பெனியின் பஸ் கான்ட்ராக்ட்டைப் பிடித்த கதையைச் சொன்னேன். பழைய கான்ட்ராக்டர் அடாவடிக்காரன். பத்துப் பேரோடு போய் அவன் ஷெட்டைக் காலி செய்ய வைத்தேன். அவன் டிரைவர்களையும் ஒருவர் விடாமல் அனுப்பினேன். மறுநாள் முதல் ஷிஃப்ட்டுக்கு என் பஸ்கள் பாதி காலியாக வந்தன. எந்த முனையில் யார் நிற்பார்கள் என்பது அந்த டிரைவர்களின் மண்டையில்தான் இருந்தது. ஆள் வராமல் கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றது.

"அப்புறம் ஓனர் சார்?"

"அவனுங்கள்ல மூத்தவன் ஒருத்தன், பெரிய டிரைவரு, அவன் வூட்டுக்கே போனேன். 'காவலுக்குன்னு உன் அடியாளுங்க வண்டில இருந்தா ஸ்டியரிங்க தொடமாட்டேன்'னான். அவனுங்கள எறக்குனேன். பழைய கான்ட்ராக்டர் ஆளுங்க வந்து கண்ணாடிய ஒடச்சானுங்க. அடியாளுங்கள திரும்ப ஏத்துனேன். டிரைவருங்க எறங்கிட்டானுங்க. சரியாவ ஒரு வருசம் ஆச்சு."

அவர் நடையை நிறுத்தினார்.

"எனக்கு ஒரு வருசம் இல்ல சார். ரெண்டு நாள் தண்ணி நின்னா கொழந்தைங்க சாவும். எந்த வால்வ எப்ப தொறக்கணும்னு அந்தப் பழைய ஆளுங்களுக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தன்தான் என் தம்பியப் போலீசுல புடிச்சுக் குடுத்தான்."



வெள்ளிக்கிழமை பதில் எழுதினார்: வருகிறேன், பழைய ஆட்கள் இருக்கட்டும், பம்ப் ஹவுசுக்குள் அந்நியப் படையின் சிப்பாய் வரக் கூடாது. அங்கிருந்து டிக்கெட் மட்டும் வந்தது. நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியும் கிளம்பினார்.

ஏர்போர்ட்டுக்கு நானே கார் ஓட்டினேன். வழியில் ஒன்றுதான் கேட்டார்:

"அந்தப் பெரிய டிரைவர் இப்ப உங்ககிட்ட பேசறாரா?"

"வண்டி ஓட்றான் சார்" என்றேன்.