வெள்ளையம்மாள் ஊற்றிய கஞ்சி

போன வாரம் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். ஏழு மாத வயிறு. இரும்புச் சத்து மாத்திரை வாங்கிய கையோடு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே போய்விட்டாள். என் பிரஷர் மாத்திரையைக் கேட்க மறந்து அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாத்திரையை விழுங்க வைக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

அறுபதுகளின் தொடக்கம். நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த நான்கைந்து ஊர்களுக்கு நான்தான் புது நர்சம்மா. வயது இருபத்தொன்று. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் பை. பெரிய டாக்டர் என்ற நினைப்பு வேறு. பயிற்சியில் மனப்பாடம் செய்ததை வாசலில் நின்று ஒப்பிப்பேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கல்யாணம் ஆகாதவள் பிள்ளைப்பேறு பற்றிப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அப்போதுதான் செல்லம்மாளைப் பார்த்தேன். கனகாம்பரத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை, ஆறு மாதம். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை.

"என்ன சாப்பிட்ட?"

"கஞ்சிதான். அரை வயித்துக்கு. அத்தை அம்புட்டுத்தான் ஊத்துவாக."

அத்தை என்றால் மாமியார் வெள்ளையம்மாள். அவள் கணக்கில் கீரை குளிர்ச்சி, முட்டை சூடு, பருப்பு வாயு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறையத் தின்றால் வயிற்றுப் பிள்ளை பெருத்துவிடும், வெளியே வராது. அடுத்த வாரம் போனபோது, நான் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகள் பூப்பாத்தியில் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே வெள்ளையம்மாள் வாசலில் போய் நின்றேன்.

"பட்டினி போட்டே மருமகளைக் கொல்லப் போறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

வெள்ளையம்மாள் முகம் இறுகிப்போனது. "கல்யாணமே ஆகாதவ எனக்குச் சொல்லித் தாரியா? இனி இந்தப் படிய மிதிக்காத, தாயி." கதவைச் சாத்திவிட்டாள்.

மூன்று வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. வீம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். கடைசியில் செல்லம்மாளே கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தா கண்ணு இருட்டுது, நர்சம்மா. ஆனா அத்தை கெட்டவுக இல்ல. அவுக மக பாண்டியம்மா ரெண்டு நாளு வலியில கெடந்து, பிள்ளையோட போயிருச்சு. பிள்ளை பெருசுன்னாகளாம். அதுலேர்ந்துதான் இப்படி."

மறுநாள் காலை பையையும் குடையையும் நான் தங்கியிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனேன். "பெரியம்மா, பாண்டியம்மாளுக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளையம்மாள் திண்ணையில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "டவுனு ஆசுபத்திரிக்குப் போவமான்னு கேட்டேன். ஆம்பளை டாக்டரு தொடுவாருன்னு எங்க வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு. நானும் சும்மா இருந்துட்டேன். இவளும் போயிட்டா நான் என்ன செய்ய?"

"வலி எடுத்ததும் ஆள் அனுப்புங்க. நான் சொன்னா உடனே வண்டி கட்டணும். யாரையும் கேக்க வேணாம். அதுவரைக்கும் இவ வயிறாரச் சாப்பிடணும்."

"சத்தியமா கூட வருவியா?"

"சத்தியமா."

அன்று வெள்ளையம்மாள் கும்பா நிறையக் கஞ்சி ஊற்றினாள். முருங்கைக்கீரையை வைக்கும்போது, விஷம் வைப்பவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாத்திரையும் உள்ளே போனது.

பத்தாவது மாதம் வலி வந்தது. ஆள் வந்து கூப்பிட்டதும் ஓடினேன். மறுநாள் உச்சி வெயிலாகியும் பிள்ளையின் தலை இறங்கவில்லை. வெளியே வந்து, "கிளம்பணும்" என்றேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செத்த நேரம் பாப்போம்" என்றார்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீக!" வெள்ளையம்மாளின் குரலில் வீடே நின்றுவிட்டது. மகனைப் பார்த்து, "ஏலே, மாட்டப் பூட்டுடா" என்றாள்.

அந்த வண்டிப் பாதை முழுக்க மரக்குழலை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கல்லில் சக்கரம் ஏறும்போதெல்லாம் துடிப்பு காதுக்குத் தவறிப்போகும். மறுபடி தேடிப் பிடிப்பேன். வெள்ளையம்மாள் மருமகளின் தலையை மடியில் வைத்து, "கண்ண மூடாத, பேசுத்தா, என்னத்தையாச்சும் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது பெண் டாக்டர். ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். பெண் குழந்தை, சற்று நேரம் கழித்துத்தான் அழுதது. "ரத்தம் ரொம்பக் கம்மி. கடைசி ரெண்டு மாசம் தேறினதுனால தாங்கிட்டா" என்றார்.

வெள்ளையம்மாள் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை பெருசுங்களா?"

"இல்லம்மா, சின்னதுதான். தலை திரும்பிக் கெடந்துச்சு."

வெள்ளையம்மாள் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எம் மகளும்..." என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்த எதுவும் உதவவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளைப்பேற்றில் இந்த வீட்டில் போனது யார் என்றுதான் முதலில் கேட்பேன். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும். குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சமீபத்தில் அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தேன். தோட்டமெல்லாம் மனையாகிவிட்டது. பழக்கதோஷத்தில் ஒரு வீட்டில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "பிள்ளை பெறப் போயி யாராவது சாவாகளா, பாட்டி?" என்று சிரித்தாள்.