கடைசியாக விடாத மருந்து

கண்டக்டர் முனிரத்தினத்தின் முகம் வீங்கியதற்கு நான்தான் காரணம். அவர் தின்ற வேர்க்கடலைதான் காரணம் என்று அவரிடமே பொய் சொன்னேன். பல் மருத்துவனாக நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

எந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேரும், எது ஆந்திராவில் நிற்கும் என்ற பேச்சு இன்னும் முடியாத காலம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன கிளினிக் வைத்திருந்தேன். முனிரத்தினம் நாகலாபுரம் பஸ்ஸில் வேலை பார்த்தார். இரண்டு கையாலும் டிக்கெட் கிழிக்கும்போது விசிலை முன்பற்களில் கவ்விக்கொள்வார். அதில் ஒரு பல் செத்து, உள்ளே சீழ் வைத்திருந்தது.

"புடுங்கிட்டா விசிலு நிக்காது டாக்டரே. ஊரு எந்தப் பக்கம் போவுதோ போவட்டும், பல்லு எம்பக்கம் இருக்கணும்" என்றார்.

பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்ய அன்று எங்களிடம் இருந்தவை ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும். ஊசியால் மாற்றி மாற்றி விட்டால் நுரை பொங்கி அழுகலை வெளியே தள்ளும். ஆனால் கடைசியாக விடுவது ஹைப்போகுளோரைட்டாகவே இருக்க வேண்டும். பெராக்சைடு உள்ளே தங்கினால் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். மேலே பல் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் அது வேர் நுனி வழியாகத்தான் வெளியேறும். கழுவி முடித்து, பேப்பர் பாயிண்ட் என்ற மெல்லிய காகிதக் குச்சியால் ஈரத்தை ஒற்றி, கற்பூர வாசனையுள்ள மருந்து வைத்து ஒரு வாரத்துக்கு அடைப்போம். அடுத்த வாரம் அடைப்பைத் திறந்து முகர்ந்து பார்ப்போம். தொடர்ந்து இரண்டு முறை நாற்றம் இல்லை என்றால்தான் நிரந்தர அடைப்பு.

இரண்டாவது வாரம் பெராக்சைடு நுரைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே கிளம்பத் தயாராக நின்ற அவர் பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்த ஆரம்பித்தார்.

"சீக்கிரம் டாக்டரே, அவன் உட்டுட்டுப் போய்க்கினே இருப்பான்."

ஹைப்போகுளோரைட் ஊசி நிரப்பித் தயாராக இருந்தது. நான் எடுக்கவில்லை. ஒற்றினேன், அடைத்தேன், அனுப்பினேன்.

மறுநாள் காலை மேலுதடு மூக்கைத் தொட வீங்கி வந்து நின்றார். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயில் வந்ததோ வேறு.

"ஏதாவது கடிச்சீங்களா?"

"வழியில புத்தூருல ரெண்டு வேர்க்கடலை துன்னேன் சார்."

"அதான்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுதான் சார். உங்க வேலையக் கெடுத்துட்டேன். இன்னிக்கி டியூட்டி இல்ல, புத்தூருல பல்லு புடுங்குறவரு இருக்காரு, அவருகிட்டயே புடுங்கிக்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்தக் கும்பிடு என்னை உட்கார விடவில்லை. காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கருவிகளையும் மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் புத்தூர் போனேன். பல் பிடுங்குபவர் வீட்டு வாசலில் நாலு பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் முனிரத்தினம். எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

"கடலை இல்ல கண்டக்டரே. கடைசி மருந்த விடாம அடைச்சது நான். காலையில உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தப்பு பண்ணா நடுவழியில செக்கிங் ஏறுவாரு. உங்களுக்கு யாரு சார் செக்கிங்?"

பையைத் திறந்தேன். அவர் வாயைத் திறந்தார். அங்கேயே சிமென்ட்டைக் குடைந்து எடுத்தேன். நுரையோடு வாயு வெளியேறியது. "அப்பாடி" என்று சுவரில் சாய்ந்தார். பிறகு ஐந்து வாரம் ஒழுங்காகக் கழுவி, இரண்டு முறை முகர்ந்து பார்த்து அடைத்தேன். பல் நின்றது.

அவர் இந்தக் கதையை நாகலாபுரம் வரை டிக்கெட்டோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தார். கிளினிக் காலியாகிவிடும் என்று பயந்தேன். ஆட்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். ஆனால் அடைக்கும் முன் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இருங்க டாக்டரே. கடைசியா எத விட்டீங்க? கண்டக்டரு கேட்டுக்கச் சொன்னாரு."

ஓய்வு பெறும் வரை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், ஹைப்போகுளோரைட் பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அடைத்தேன்.