மாதா காலடியில் என் சீட்டு

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று முதலில் பூசை, பிறகுதான் பாடம். காரைக்காலில் நான் படித்த கன்னியர் பள்ளியில் அதற்கு மேலும் ஒரு வழக்கம் இருந்தது. இந்த வருஷம் தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டில் எழுதி, மாதா காலடியில் இருக்கிற ஓலைக்கூடையில் போட வேண்டும். ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் சீட்டுகளை எல்லாம் சாம்பிராணி நெருப்பில் போடுவார்கள். புகையாய்ப் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டாம் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு வருஷம் உட்கார்ந்தாயிற்று. "இந்த வருசமும் தேறலைன்னா ஆடு மேய்க்கப் போ" என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் ஆடு கிடையாது. ஆனால் வாங்கிவிடுவார் போலிருந்தது. எனக்கோ கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய்வருவது அவ்வளவு பிடிக்கும். கண்டக்டர் மாதிரியே விசில் அடிப்பேன், அது வேறு கதை.

சீட்டு எழுத வேண்டுமே. எழுத்து வந்தால் நான் ஏன் மூன்றாம் தடவை அங்கே நிற்கிறேன்? பெரியப்பா மகள் ஐந்தாம் வகுப்பு. முத்து முத்தாக எழுதுவாள். அவளிடம் போய் நின்றேன்.

"என்னடி வேணும், சொல்லு."

"நான் தேறணும்னு எழுதுக்கா."

எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது இத்துனூண்டு. இவ்ளோ நீளமாவா?"

"மாதாகிட்ட மரியாதையா கேக்க வேணாமா? மீனுக்கா பேரம் பேசுற?"

சீட்டு கூடைக்குப் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்கு வெள்ளிக் கொலுசு மேல் தீராத ஆசை. என் சீட்டில் அவள் கொலுசைக் கேட்டிருந்தால்? இப்போதும் இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். அவள் வரியும் கொஞ்சம் நீளமாகத்தான் தெரிகிறது.

முட்டி போட்டால் கண் கூடையில். மணி அடித்தால் கால் தானாகக் கோயில் பக்கம். எட்டாம் நாள் மத்தியானம் தாங்க முடியாமல் உள்ளே ஓடிக் கூடையைக் கவிழ்த்துவிட்டேன். என் சீட்டின் மூலையில் புளிச்சோற்று எண்ணெய்க் கறை இருந்தது. கண்டுபிடித்துப் பிரித்தும் விட்டேன். பிரித்த பிறகுதான் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

பின்னால் சிஸ்டர் நின்றார். எங்கள் வகுப்புக்கு அந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். கையில் ஒரு சிலேட்டு. சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'மாதாவே, என்னை எப்படியாவது தேறச் செய்துவிடும். இல்லையென்றால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார்.'"

அப்பாடா, கொலுசு இல்லை!

"இத நீயா எழுதுன?"

மாதா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதவில்லை என்று சொன்னால் சீட்டு செல்லாமல் போய்விடுமோ?

"ஆமாங்க சிஸ்டர்."

"கையெழுத்து இவ்ளோ நல்லா இருக்கே, பின்ன ஏம்மா தேறல? பரிட்சைன்னா பயமா?"

"ஆமாங்க சிஸ்டர்."

என் தலையைத் தடவிக் கொடுத்தார். "எழுத்து வராத பிள்ளைங்கள தெனம் மத்தியானம் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கலாம்னு இந்தச் சிலேட்ட எடுத்தாந்தேன். ஒன்னத்தான் தேடுனேன். நல்லவேளை, ஒனக்கு வேணாம்."

அந்த வருஷம் தேறிவிட்டேன். பரிட்சையில் வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பயம் என்று சொல்லிச் சிஸ்டரே தூக்கிவிட்டார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்புறமும் வாய்ப்பாட்டைக் காதால் கேட்டு ஒப்பித்தே நாலாவது வரை தேறினேன், ஓர் எழுத்துத் தெரியாமல். மாதாவைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டது தேறுவதைத்தான்.

அன்று சிஸ்டர் அந்தச் சிலேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பிள்ளையைத் தேடிப் போனார். பள்ளி விட்டதும், தப்பித்தேன் என்று பஸ் நிற்கும் இடம் வரை விசில் அடித்துக்கொண்டே ஓடினேன்.