அப்பப்பாவின் நட்சத்திர பிஸ்கற்

வாழைக்குலை ஒன்றை வெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியைக் கையில் பிடித்தபடி தோட்டத்துக்குள் வந்தாள். சேற்றுக்குள் அவள் செருப்போடு இறங்கியதைப் பார்த்தபோதே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

“ஆரணியின்ரை அப்பப்பா மோசம் போயிட்டாராம். காலமை தேத்தண்ணியோடை இருந்தவர், கதிரையிலையே சாய்ஞ்சிட்டாராம்.”

எமிலியாம்பிள்ளை மாஸ்டரும் நானும் ஒரே பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவர்கள். என் மகளை அவருடைய மகன் கட்டிய பிறகு சம்பந்திகள் ஆனோம். இத்தனை உறவு இருந்தும் என் மனைவியின் வாயில் வந்தது ‘ஆரணியின்ரை அப்பப்பா’ என்பதுதான். நீர்வேலி முழுவதும் அவரை அப்படித்தான் சொன்னது. எங்கள் பேத்தி ஆரணிக்கு அம்மப்பா ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. நான் இன்றைக்கும் வெறும் கணக்கு மாஸ்டர்.

குலையைக் கீழே வைத்தேன். கண்ணீர் உடனே வரவில்லை. பேத்திக்கு இதை யார் சொல்லப்போகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அவள் இவருக்காக எவ்வளவு அழப்போகிறாள் என்ற நினைப்பு அடுத்ததாக வந்தது. செத்த மனிதரோடு போய்ப் பொறாமைப்படலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது பட்ட பொறாமை ஒரு தொலைபேசி அழைப்போடு நின்றுவிடுமா என்ன?

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று, எங்களோடு படிப்பித்த நீங்கள்தான் கேட்டீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கோ என்றீர்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? எனக்கு அதுதானே பிரச்சினை.

அவர் மயிலிட்டிக்காரர். போரில் இடம்பெயர்ந்து நீர்வேலிக்கு வந்து, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தவர், ராணுவம் ஊர்க் காணியை விட்ட பிறகும் இங்கேயே நின்றுவிட்டார். பாடசாலையில் அவர் ஆங்கிலம் படிப்பித்தார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பெரிதாக வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் ஓய்வுபெற்ற அன்று மண்டபம் முழுவதும் மூக்கைச் சிந்தியது. அடுத்த வருடம் என்னுடைய பிரியாவிடை. என் மாணவர்கள் பெரிய மாலை போட்டார்கள், பிறகு எல்லோரும் றோல்ஸும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்குப் பக்கத்தில் விருந்தினராக இருந்தவர் அவர்தான். “பயப்பிடாதேங்கோ மாஸ்டர், நான் அழுறன்,” என்று என் காதுக்குள் சொன்னார். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பாடசாலையோடு அந்தப் பொறாமை முடிந்திருக்கலாம். ஆரணி பிறந்தாள். மகளும் மருமகனும் கொழும்பில் வேலை செய்கிறார்கள். மார்கழி விடுமுறை வந்தால் பிள்ளையை நீர்வேலிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு வீடும் பக்கத்தில். எந்த வீட்டில் எத்தனை நாள் என்று ஒருவரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்கழி எனக்கு வாய்த்த மாதம் அல்ல. முதலில் பிள்ளையார் பெருங்கதை விரதம், அது முடியுமுன் திருவெம்பாவை. கையில் விரதக் காப்புக் கட்டினேன் என்றால் எங்கள் குசினிக்குள் முட்டை நுழையாது. கிறிஸ்தவரான அவருக்கோ அது நத்தார் மாதம். மனைவி இறந்த பிறகு தனியாகச் சமைக்கப் பழகிய மனிதர், பேத்திக்கு நாலு வயதானபோது திடீரென்று பிஸ்கற் சுடத் தொடங்கினார். ஒரு பக்கம் திருநீறும் பிள்ளையார் கதையும். மறுபக்கம் வனிலா வாசமும் சீனியும் மாஜரினும். ஒரு சின்னப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடும்?

அந்தக் குசினியை நான் வாசற்படியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இதரை வாழைப்பழம் கொடுக்க வந்ததாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். ஆரணி மர வாங்கில் ஏறி நின்று, முழங்கை வரை மாவோடு, தகரத்தில் செய்த நட்சத்திர அச்சால் வெட்டிக்கொண்டிருப்பாள். அவர் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பார். ஒருமுறை சீனிக்குப் பதிலாக உப்பை ஒரு சுண்டு அள்ளினாள். நான் வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர் என்னைக் கையால் அமத்தினார். அவள் கொட்டினாள், குழைத்தாள், பேக்கரியில் சுட்டு வந்ததும் கடித்தாள், துப்பினாள். அவர் ஒரு முழுப் பிஸ்கற்றை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, “பிள்ளை, மீன்குழம்புக்கு நல்ல சோடி,” என்றார். அவள் சிரித்துச் சிரித்து வாங்கிலிருந்து விழப்பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“கணக்குப் பிழைச்சால் திருத்தவேணும் மாஸ்டர். பிஸ்கற் பிழைச்சால் சிரிக்கலாம்,” என்றார்.

நான் சொன்னபோது திரும்பிப் பார்க்காத பிள்ளை, அதற்குப் பிறகு உப்பையும் சீனியையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் தொடவில்லை. எனக்கு எரிந்தது. எரிந்தது என்றே எழுதிவிடுகிறேன், நாகரிகமான சொல் தேடவில்லை.

இத்தனைக்கும் அவருடைய பிஸ்கற் நன்றாக இருக்காது. அதைச் சாப்பிட்ட நீங்கள் எல்லோரும் சாட்சி. அடிப்பக்கம் கருகியிருக்கும், தேத்தண்ணிக்குள் தோய்க்காமல் கடித்தால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முட்டை இல்லாமல், பாலும் தயிரும் விட்டு, அவருடையதைவிட நல்ல பிஸ்கற் ஒன்று நான் செய்து காட்டினால் என்ன? தகரக்காரரிடம் சொல்லி அதே அளவில் ஒரு நட்சத்திர அச்சும் செய்வித்தேன்.

“விரதகாலத்திலை உங்களுக்கு என்ன பிசாசு பிடிச்சது?” என்று மனைவி கேட்டாள். கேட்டுக்கொண்டே மாவையும் குழைத்துத் தந்தாள்.

எங்கள் ஊரில் நத்தார் நெருங்கினால் கேக்கும் பிஸ்கற்றும் வீட்டில் குழைத்து, தட்டில் பரப்பி, பேக்கரியின் போறணை அடுப்புக்குத்தான் கொண்டுபோவார்கள். பாண் சுட்டு முடிந்த சூட்டில் ஊராரின் தட்டுகள் உள்ளே போகும். அன்று பின்னேரம் நானும் என் தட்டைத் துணியால் மூடி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எமிலியாம்பிள்ளை மாஸ்டரின் தட்டும் அப்போதே உள்ளே போயிருந்தது எனக்குத் தெரியாது. சுட்டு முடிந்து நான் கேட்டபோது பேக்கரிக்காரர் நட்சத்திரம் நிறைந்த ஒரு தட்டைத் தூக்கித் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, பூசை முடித்து, பாலோடு ஒன்றை எடுத்துக் கடித்தேன். அருமையாக இருந்தது. அந்தக் கடினம்கூட ஒரு பதமாகத் தெரிந்தது. இன்னொன்று சாப்பிட்டேன். “என்ரை கைப்பக்குவத்தைப் பார்,” என்று மனைவியிடம் ஒன்றை நீட்டினேன். அவள் வாயில் வைக்கவில்லை, முகர்ந்துதான் பார்த்தாள்.

“உதிலை முட்டை மணக்குது.”

கையில் காப்போடு இரண்டு முட்டை பிஸ்கற் தின்ற கணக்கு மாஸ்டராக, எஞ்சியதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு இரண்டு ஒழுங்கை தாண்டி ஓடினேன். அங்கே ஆரணி படியில் இருந்து என் பிஸ்கற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறைய.

“அம்மப்பா, இஞ்சை வாங்கோ. அப்பப்பான்ரை பிஸ்கற் மாதிரி உலகத்திலை ஒருத்தராலையும் செய்யேலாது.”

அவளுக்குப் பின்னால் நின்ற மனிதர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ஒரு கடியிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னை வாசல் படலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“எத்தினை சாப்பிட்டியள்?”

“ரெண்டு.”

மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார் மாஸ்டர், அவரும் பலகாரப் பிரியர்தானே,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “பிள்ளையிட்டைச் சொல்லட்டோ, அது நீங்கள் செய்ததெண்டு?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். சொன்னால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

“பிள்ளையள் நாக்காலையோ சாப்பிடுதுகள்? நீங்களும்தான் என்ரை கருகலை ருசிச்சுச் சாப்பிட்டிருக்கிறியள்,” என்றார்.

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருடைய பிஸ்கற்றோடு போட்டியென்றால் வெல்லலாம். அவள் விரும்பியது பிஸ்கற்றை அல்ல, அந்த மனிதரை என்றால் நான் எந்த அச்சைச் செய்விப்பது? தலைக்கு முழுகி, கோயிலுக்குப் போய், விழுந்து கும்பிட்டேன். முட்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். பொறாமைக்குக் கேட்கவில்லை.

இறுதிக் கிரியை அன்று என் பயம் அப்படியே நடந்தது. ஆரணி பெட்டியின் விளிம்பைப் பிடித்த கையை விடவில்லை. மகள் கூப்பிட்டாள், வரவில்லை. நான் கையை நீட்டினேன், என்னைத் தெரியாதவரைப்போலப் பார்த்தாள். பெட்டியின் பின்னால் சேமக்காலைக்கு நடக்கும்போது, எனக்காக இவள் இப்படி அழுவாளா என்று ஒரு கேள்வி கூடவே வந்தது. மறுமொழி எனக்குத் தெரியும், ஆசிரியர் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி என்று தெரியாமல் போகுமா?

இப்போது விடுமுறை. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆரணி முழு மார்கழியும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பத்து வயதாகும்வரை நான் ஆசைப்பட்டது இதைத்தான். இப்போது இருக்கிறாள், ஆனால் கதைக்கிறாள் இல்லை. ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கிறாள்.

போன கிழமை நான் கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தேன். காப்புக் கட்டிய கையால், என் குசினி மேசையில், ஒரு கோப்பையில் வைத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

“ஆரணி, இஞ்சை வந்து பாரம்மா. பிஸ்கற் செய்வமோ?”

வந்தாள். முட்டையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுக்குக் கெட்டிக்காரி.

“வேண்டாம் அம்மப்பா,” என்றாள். “அப்பப்பா இல்லாமல் வேண்டாம்.”

இனி என்னிடம் அவளுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முட்டைக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அவளும் போகவில்லை. மேசையோரம் நின்று, “அப்பப்பா பள்ளிக்கூடத்திலை எப்பிடி இருந்தவர்?” என்று கேட்டாள்.

ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். எங்கோ வாங்கிய குட்டியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே பாடசாலைக்கு வந்து, கட்ட இடமில்லாமல் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கட்டிவிட்டுப் போனார். நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் குட்டி கத்தியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கோபத்தோடு போய்ச் சண்டை பிடித்தேன். “ஒரு ஆளாவது உங்களுக்கு உடனை மறுமொழி சொல்லுதே மாஸ்டர்,” என்றார்.

ஆரணி சிரித்தாள். அவர் போன பிறகு முதன்முதலாகச் சிரித்தாள். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது, அந்தக் குசினி வாசலில் நின்று நானும் வருடக்கணக்காக அப்படித்தான் பார்த்தவன்.

“நீங்கள்தான் அவரோடை கனகாலம் இருந்திருக்கிறியள், என்ன?” என்றாள். “எனக்குக் கொஞ்சக் காலந்தான்.”

என் பேத்திக்கு என் மேல் பொறாமை. எமிலியாம்பிள்ளை மாஸ்டர், இதைக் கேட்டால் நீங்கள் மறுபடியும் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

அன்று தொடக்கம் பின்னேரங்களில் அவளே வருகிறாள். “ஒரு கதை சொல்லுங்கோ அம்மப்பா,” என்கிறாள். அவரைப் பற்றிய கதைதான் வேண்டும், என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கிறாள், தோளில் சாய்கிறாள். ஆகவே ஒரு பின்னேரத்துக்கு ஒரு கதைக்கு மேல் சொல்வதில்லை. முடிந்துவிட்டால் எழும்பிப் போய்விடுவாள் என்ற பயம்.

அதனால், அவரைத் தெரிந்த நீங்கள் இந்தக் கட்டுரையில் எதிர்பார்க்கும் பல சம்பவங்கள் இங்கே இல்லை. விளையாட்டுப் போட்டியன்று நடந்தது, சுற்றுலா பஸ்ஸில் நடந்தது, அதிபரின் குடை விவகாரம், எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. மறந்துபோய் விட்டதாக நினைக்க வேண்டாம். அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பவை அவைதான். அவற்றை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. தயவுசெய்து நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.